பூசணிக்காய்க்குப் பக்கத்து ஸ்டிக்கர்

ஸ்பிரிட் மணமும் ஈரச் சீலை மணமும் சேர்ந்து வரும். அதற்கு நடுவில் அந்தச் சத்தம்... பீப். இப்போதும் எங்காவது கடையில் அதைக் கேட்டால் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடுகிறது.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் எழுதிப் போடுகிறாள். ஆனால் நடந்தது ஒன்றும் மறக்கவில்லை. மறந்திருந்தால் நல்லது.

எங்கள் தீவில் வாசிகசாலைக் கதவுத் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. மாதத்தில் இரண்டு நாள் ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து டொக்டரும் நேர்ஸும் வள்ளத்தில் வந்து அங்கே கிளினிக் வைப்பார்கள். பிறசர், சீனி வருத்தக்காரருக்கு. கதிரை அடுக்குவதும் பேர் கூப்பிடுவதும் என் வேலை. கொப்பி பார்க்காமலே அறுபது பேரையும் வரிசையாகக் கூப்பிடுவேன்.

பிறகு ஸ்கானர் வந்தது. கைப்பிடியும் விசையுமாக, பார்த்தால் சின்னத் துவக்கு. சிவப்பு வெளிச்சம் பட்டதும் ஒரு கிழவி இரண்டு கையையும் தூக்கிவிட்டா. எல்லோரும் சிரித்தோம். பிறகு சண்டைக் காலம் நினைவு வந்து ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொருவருடைய கிளினிக் கொப்பியிலும் கறுப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர். அதைக் காட்டினால் லப்டொப்பில் ஆளின் பேர் விழவேண்டும். முதல் நாள் அது கத்தியதே தவிர ஒன்றும் விழவில்லை. பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. பக்கம் முழுக்கக் கோடுகள். அவற்றில் சரியானதைச் சரியான வரிசையில் காட்டினால்தான் மெசின் வழிக்கு வருமாம். போனில் யாரோ சொல்லச் சொல்ல நேர்ஸ் காட்டினா. மேல் மூலையில் இருந்தது, பிறகு நடுவில் தடித்த கோட்டோடு ஒன்று, கடைசியாகக் கீழே மீன்முள் மாதிரி ஒன்று... நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த தரம், உப்புத் தண்ணீர் பட்டதோ என்னவோ, மெசின் படித்ததெல்லாம் மறந்துபோய் வந்தது. நேர்ஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இஞ்சை தாங்கோ பிள்ளை" என்று வாங்கி மூன்றையும் காட்டினேன். பேர் விழுந்தது.

"ஐயா, உங்களுக்கு இந்தக் கோடு வாசிக்கத் தெரியுமோ?"

"உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்டுதான்."

டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். படித்தவர்களும் வாசிக்க முடியாத எழுத்து ஒன்றை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்டேன். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் சனம் கிளினிக் கொப்பியை ரங்குப் பெட்டிக்குள், நல்ல சீலைக்கு அடியில் வைத்துப் பூட்டும். பழுதாகக் கூடாதாம். கிளினிக்குக்கு வெறுங்கையோடு வரும். அதனால் நேர்ஸிடம் ஒவ்வொருவருக்கும் இன்னொரு ஸ்டிக்கர் கேட்டு வாங்கி, ஒரு கலண்டர் மட்டையில் ஒட்டினேன். பேர் எழுதத் தெரியாதே... மாடு வைத்திருப்பவருக்குக் கொம்பு, தோணிக்காரருக்குத் துடுப்பு என்று பக்கத்தில் கீறினேன். கொப்பி இல்லாமல் வந்தால் மட்டையில் காட்டுவேன். என் மனிசி பூரணத்துக்குப் பூசணிக்காய்.

"என்னைப் பாத்தா உங்களுக்குப் பூசணிக்காய் மாதிரியோ?"

"நீ நட்டதிலை வேறை என்ன காய்ச்சது?"

மாரியில் கடல் குழம்ப டொக்டரின் வரவு நின்றது. நேர்ஸ் மட்டும் வந்து பழைய மருந்துக் குளிசையையே கொடுத்துவிட்டுப் போவா. அந்த நாட்களில்தான் பூரணத்துக்குக் கால் வீங்கத் தொடங்கியது.

"இஞ்சருங்கோ, எனக்கு அவ்வளவு தூரம் நடக்க ஏலாது. மட்டையிலை என்ரையைக் காட்டிப்போட்டுக் குளிசையை வாங்கிக்கொண்டு வாங்கோவன்."

காட்டினேன். பீப்.

"அம்மா வந்தவவோ?" நேர்ஸ் லப்டொப்பிலிருந்து தலை நிமிராமல் கேட்டா.

"ஓம், வெளியிலை நிக்கிறா."

அந்த ஒரு பொய்தான். அடுத்தடுத்த தரம் நேர்ஸ் கேட்கவுமில்லை. மெசின் சொல்லிவிட்டதே.

நாலாம் தரம் காட்டி மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சு இழுத்தது. விடிந்ததும் வள்ளத்தில் ஏற்றினோம். காற்றுக் கடல். கரை தெரிகிற தூரத்தில் என் மடியிலேயே அடங்கிப்போனாள்.

எட்டாம் நாள் எட்டுச்செலவுப் படையல் முடிந்து நேர்ஸ் வீட்டுக்கு வந்தா. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னா:

"ஐயா, நாலு தரமும் அம்மா வந்தவ எண்டுதான் கிடக்கு. வீங்கின அந்தக் காலைக் கண்டிருந்தா அண்டைக்கே நான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பன். ரெண்டு தரம் வராட்டிப் பேர் சிவப்பாகும், நானே வீட்டை வந்து பாப்பன்... உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். சிவப்பைப் பார்க்க எழுத்துத் தெரியத் தேவையில்லை. சிவப்பு விழுந்த வீடுகளுக்கெல்லாம் நேர்ஸைக் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான். என் வீட்டுப் பேரைச் சிவப்பாகவிடாமல் வைத்திருந்தவனும் நான்தான்.

மட்டையில் காட்டியதைச் சொன்னேன். நேர்ஸ் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனா.

மெசின் வர முன்னம் நான் பேர் கூப்பிட்ட காலத்தில் ஒருவர் பதில் சொல்லாவிட்டால் வாசல் பூவரசுக்குக் கீழே காத்திருக்கும் சனத்திடமிருந்து நாலு குரல் வரும். "அவவுக்குக் காலெல்லாம் வீக்கம்", "ரெண்டு நாளாய்ப் பாயிலை கிடக்கிறா..." நான் நினைத்தாலும் பொய் சொல்லியிருக்க முடியாது.

"பூரணம்" என்று கூப்பிட்டால், "பக்கத்திலைதானே நிக்கிறன், ஏன் ஊருக்குக் கேக்கக் கத்துறியள்" என்பாள்.

இப்போதும் வள்ளம் வருகிற நாளில் கதிரை அடுக்குகிறேன். மெசின் மறந்துபோய் வந்தால் அந்த மூன்று கோட்டையும் காட்டிக் கொடுக்கிறேன். இப்போது கொப்பி இல்லாதவரை நேர்ஸ் வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறா. மட்டை அலுமாரிக்குப் பின்னால் கிடக்கிறது.

போன தரம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் அதை வெளியே எடுத்தேன். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் இருந்ததை உரிக்கத்தான் எடுத்தேன். நகம் வைத்தேன், ஏலவில்லை. மேசையில் கிடந்த ஸ்கானரை எடுத்து அதன்மேல் வெளிச்சத்தைப் பிடித்தேன்.

கத்தியது. அவள் இருந்தபோது கத்திய அதே சத்தத்தில்.