கரும்பலகையின் வலது மூலை

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே நேற்று ஒரு கணக்கு வந்தது. 6, 2, 3 என்று எண்கள், இடையில் கேள்விக்குறிகள், முடிவில் 9. மூன்றாம் மாடிக்காரர் வகுத்துப் பெருக்கினார். ஐந்தாம் மாடிக்காரர் பெருக்கிக் கழித்தார். இரண்டும் சரி. சண்டை மட்டும் மத்தியானம்வரை ஓடியது.

எனக்கோ சாக்பீஸ் வாசனை வந்துவிட்டது. மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் நான் படித்த முனிசிபல் பள்ளியில் ஒரே அறை, காலையில் எங்கள் தமிழ் வகுப்புக்கு, மதியம் மராட்டி வகுப்புக்கு. நாங்கள் ஒரு பக்கப் படிக்கட்டில் இறங்க, அவர்கள் மறுபக்கப் படிக்கட்டில் ஏறுவார்கள். பெஞ்சடியில் அவர்கள் விட்டுப்போன கடலைத் தோலோடு மட்டும்தான் எங்களுக்குப் பழக்கம்.

பலகை துடைப்பது என் பெஞ்சுக்காரன் இசக்கியின் வேலை. அவன் ஒழுங்காகத் துடைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஒருநாள் வலது மூலையில் குறிகள் மட்டும் அழிந்து, 9 3 3 = 6 என்று நின்றுவிட்டது. மறுநாள் பார்த்தால் யாரோ ÷, + போட்டிருந்தார்கள். கீழே குறியில்லாமல் புதுக் கணக்கு, மராட்டி எண்களில். பம்பாய் பஸ்களில் மராட்டியில் எழுதிய நம்பரைப் படித்துப் பழகியவர்களுக்கு அதில் என்ன சிரமம்? நான் குறி போட்டேன். பதிலுக்கு ஒன்று எழுதி வைத்தேன்.

அதன்பின் தினமும் அந்த மூலைதான். ஒருமுறை 8 2 4 = 0 என்று எழுதினேன். நான் நினைத்தது வகுத்துக் கழிப்பது. வந்த விடையோ 8 − 2 × 4.

"எலே, எட்டுல ரெண்டு போனா ஆறு, ஆறு நாலு இருவத்தி நாலு. ஒன் மராட்டிக்காரி பெயிலு!" என்று இசக்கி பெஞ்சில் தாளம் போட்டான்.

"பெருக்கல மொதல்ல செய்யணும்லே. சரியாத்தான் இருக்கு. ஆமா, பொண்ணுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"அந்த எழுத்தப் பாரு. பய எவனாச்சும் இவ்ளோ சுத்தமா எழுதுவானா?"

எனக்குத் தோன்றாத வழி அந்தக் கைக்குத் தோன்றியிருந்தது. அது யாருடைய கை என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

அப்பா கோவண்டியில் வீடு பார்த்துவிட்டார். கணபதி விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை எனக்கு அந்தப் பள்ளியில் கடைசி நாள். மூலையில் கணக்கை எழுதிவிட்டு, பென்சில் பெட்டியைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டே நின்றேன். சிப்பாய் என்று நாங்கள் அழைக்கும் பள்ளிப் பியூன் விடவில்லை. "சல், சல், நீச்சே உத்தர்!" என்று கீழே இறங்கச் சொல்லி விரட்டினார். இறங்கும்போது மறுபக்கப் படிக்கட்டில் தடதடவென்று ஏறும் சத்தம் மட்டும் கேட்டது.

விடுமுறை முடிந்து ஒரு ஞாயிறன்று இசக்கி கோவண்டிக்கு வந்தான்.

"குறி போட்டிருந்துச்சாலே?"

"கரெக்டா போட்டிருந்துச்சு. கீழ ஒரு கணக்கும் கெடந்துச்சு."

"என்ன நம்பரு?"

"யாருக்குத் தெரியும்? தொடச்சிட்டேன். நீதான் இல்லியே."

எதற்கும் தேதி குறித்து வைக்கும் எனக்கு, அந்த எண்கள் மட்டும் கிடைக்கவே இல்லை.

போன மாதம் அந்தப் பள்ளிப் பக்கம் போனேன். பிள்ளைகள் குறைந்து தமிழ் வகுப்பு எப்போதோ நின்றுவிட்டது. எங்கள் அறையில் வெள்ளைப் பலகை. கரும்பலகையில் எவ்வளவு துடைத்தாலும் பழைய எழுத்து வெளிறித் தெரியும். இந்த வெள்ளைப் பலகையில் ஒரு சிறுமி துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள், எதுவும் மிஞ்சவில்லை.