சீலை அடைத்த கூண்டு

பனி கொட்டுகிறது. முன்னால் நிற்கும் லொறியின் டீசல் புகை காருக்குள் வர, அப்பாவின் டிராக்டர் நினைவுக்கு வருகிறது.

நான் சிறுவனாக இருந்தபோது, வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த தொழிற்சாலை வளவில் அப்பா டிராக்டரால் பனி தள்ளுவார். மேல்மூடி இல்லாத டிராக்டர். குளிர் தாங்காமல் பலகையும் பிளாஸ்டிக் தாளும் கொண்டு அதற்குத் தானே ஒரு கூண்டு அடித்தார். வீட்டுக் கதவுக்குச் செய்வதுபோல அம்மா அதன் இடுக்கெல்லாம் பழஞ்சீலை அடைத்தார்.

"இனி ஒரு காத்தும் வராது."

முதல் நாளே டிராக்டர் நடு வளவில் நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் ஓடியது. அம்மா வெறுங்காலோடு ஓடிப்போய்ச் சீலையை உருவிக் கதவைத் திறந்தார். எஞ்சின் புகை குபுகுபுவென வெளியே வந்தது.

"இஞ்சரப்பா! கண்ணைத் திறவுங்கோ!"

அப்பா மெல்ல விழித்தார். "ஏனப்பா திறந்தனீர்? இப்பதானே சூடு பிடிச்சது."

அந்தப் புகை ஆளைக் கொல்லும் என்று பிறகு நான் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் வீட்டுக்கே தெரிந்தது.

லொறி நகர்ந்து போனதும், உள்ளே தேங்கிய புகை போகக் கார்க் கண்ணாடியை இறக்குகிறேன்.

"அண்ணை, குளிருது! பூட்டுங்கோ," என்கிறான் பக்கத்தில் இருக்கும் தம்பி.

"பொறடா," என்று இன்னும் கொஞ்சம் இறக்குகிறேன்.