மயிற்குஞ்சும் சிவப்புக் கோழியும்

பாரிஸ் நகருக்கு வெளியே, ஸ்தேனில் என் அண்ணன் வீட்டுப் பின்வளவில் கோழிகளோடு ஒரு சோடி மயிலும் நிற்கின்றன. இந்த வருடம் பெண்மயில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் முட்டைகளை எடுத்து, அடைகிடந்த சிவப்புக் கோழிக்கு வைத்தார். ஒன்றுதான் பொரித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிஸில் நான் இருக்கும் மார்க்ஸ் டோர்மோயிலிருந்து கைக்குழந்தையான மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போவேன். கோழி அந்த ஒற்றைக் குஞ்சை அருமையாகத்தான் வளர்த்தது. புழுவைக் கிண்டிக் கொடுத்தது, பூனையைக் கலைத்தது. பிறகு ஒரு ஞாயிறு அதன் கொண்டை மறுபடி சிவந்திருந்தது. முட்டையிடத் தொடங்கிவிட்டது. குஞ்சு கிட்டப் போனதும் தலையில் கொத்தியது.

கோழிக்குஞ்சு என்றால் அந்த வயதில் தன்பாட்டில் போய்விடும். மயிற்குஞ்சு பல மாதம் தாயோடே திரியும் என்று வாசித்திருந்தேன். இது கொத்து வாங்கிவிட்டு நாலடி தள்ளி நின்றது. பிறகு திரும்பவும் போனது.

"அண்ணை, பிரிச்சு வையுங்கோ. அதுக்கு இன்னும் தாய் வேணும்."

"அதைக் கோழியிட்டைச் சொல்லு. இன்டர்நெட்டிலை வாசிச்சுக் காட்டு."

அண்ணி சிரித்தார். அண்ணன் விடவில்லை. "பிள்ளையை க்ரெஷிலை விடப்போறன் எண்டு ஒரு மாசமா அழுறாய். கோழியைப் பார். ஒரே கொத்து, அலுவல் முடிஞ்சுது."

அடுத்த நாள் காலை மகளுக்கு க்ரெஷில், குழந்தைகள் காப்பகத்தில், முதல் நாள். நான் சிரித்து வைத்தேன்.

என் வாயை அடைக்கவோ என்னவோ, அண்ணன் குஞ்சைப் பிடித்துப் பெண்மயிலின் முன்னால் விட்டார். "இந்தா, பெத்த தாய்." மயில் கழுத்தைச் சரித்துப் பார்த்தது. காலால் ஒரே உதை. குஞ்சு உருண்டு எழும்பி நேரே கோழியிடம் ஓடியது. கோழி பழைய புண்ணிலேயே கொத்தியது. குஞ்சின் தலையில் இறகு இல்லை. தோல் ஈரமாகத் தெரிந்தது.

"குளிர் வரப்போகுது. தனியப் படுத்தால் இது தப்புமோ அண்ணை?"

"தனியவோ? பொறு, இருளட்டும்."

பின்னேரம் கெதியாக இருண்டுவிட்டது. அண்ணன் என்னைக் கூட்டின் வாசலுக்குக் கூட்டிப்போனார். கோழிகள் தடியில் வரிசையாக உறங்கின. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. மங்கலில் குஞ்சு சத்தமில்லாமல் தடியில் தாவி ஏறுவது தெரிந்தது. மற்றக் கோழிகளைத் தாண்டி நகர்ந்து, சிவப்புக் கோழியின் செட்டையைத் தலையால் தூக்கி உள்ளே போனது. கோழி நித்திரையிலேயே கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டது.

"ஒவ்வொரு நாளும் இதுதான். விடிய எழும்பி, ஆரெண்டு பார்த்திட்டு அடிப்பா," என்றார் அண்ணன். "பார்க்கப் போறியோ?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் கைத்தொலைபேசி வெளிச்சத்தை அடித்துவிட்டார். கோழி கண் விழித்தது. செட்டைக்குள் குனிந்து பார்த்தது. கொத்திய கொத்தில் குஞ்சு கீழே எச்சத்தில் விழுந்தது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் தோளில் கிடந்த மகளும் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"லைட்டை நிப்பாட்டுங்கோ அண்ணை."

"சும்மா பகிடிக்கடி."

"நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினார். வெளிச்சம் பட்ட கண்ணுக்கு இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தடியில் சின்ன நகம் பிராண்டி ஏறும் சத்தம் கேட்டது.