எழுபதைத் தாண்டி பாலே கற்ற எங்கள் அப்பா

இந்த நினைவு மலரின் அட்டையைப் பார்த்ததும் உறவினர்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேல் வளைத்து, குதிகால் இரண்டையும் தூக்கி நிற்கிறார் அப்பா. அச்சுக்குக் கொடுக்கும் முன்பே சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது? அண்ணன் கோட்டு போட்ட போட்டோ ஒண்ணு கூடவா கெடைக்கல? பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

அப்பா கோட்டு போட்டது அவர் கல்யாணத்தன்று மட்டும்தான். அதுவும் இரவல் கோட்டு. பாலே நடன வகுப்புக்கோ கடைசி வரை சனிக்கிழமை தவறாமல் போனார். எது அப்பாவின் படம் என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அப்பா எண்ணூர்க் கரையில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் படிக்கும் வயதில் அவருடைய தகப்பனாரைக் கடல் கொண்டுபோனது. அதன் பிறகு குடும்பம் இராயபுரத்தில் உறவினர் வீட்டுக்கு வந்து ஒண்டியது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஐஸ் கட்டி உடைக்கும் வேலைக்குப் போனார். பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எப்படியோ கிரேன் ஓட்டக் கற்று மேலே ஏறியவர், ஓய்வு பெறும் வரை அந்தக் கிரேன் கூண்டில்தான் இருந்தார். கொருக்குப்பேட்டை ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகளான அம்மாவை மணந்தார். என்னையும் தம்பியையும் படிக்கவைத்தார். ஞாயிறு பூசைக்கு நாங்கள் தாமதமாகக் கிளம்பினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். அது வந்தால் தெருவுக்கே கேட்கும்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. அன்றிலிருந்து அம்மாவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை வாருவது எல்லாம் அப்பாதான். அவர் போட்ட பின்னல் துறைமுகத்து வடம் மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். அம்மா ஒரு நாளும் அதை அவிழ்க்க விட்டதில்லை.

எழுபதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் குளியலறை வாசலில் அப்பா வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் உடையவில்லை, ஆனால் மனதில் பயம் ஏறிவிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அம்மாவைத் தூக்கும்போது அவருடைய முட்டி நடுங்குவதை நானே பார்த்தேன். தூக்கிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள் என்று தம்பி சொன்னான். அம்மாவை மணலி புதுநகரில் என் வீட்டுக்கும், அப்பாவை ஆவடியில் தம்பி வீட்டுக்கும் கூட்டிப்போவது என்று பேசி முடித்தோம். இருவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்கள் இரண்டு வீட்டிலும் இடமில்லை.

அப்பா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தோம். போடவில்லை.

"எனக்கு அங்க சோறு எறங்காது, அவளுக்கு இங்க எறங்காது. கிறிஸ்மஸ் வரிக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள காலு சரியாவலைன்னா நீங்க சொல்ற எடத்துக்கு வரேன்."

கால் சரியாவதற்கு அவர் தேர்ந்தெடுத்த வழிதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. முதியோருக்குக் கால் வலுவும் உடல் சமநிலையும் வருவதற்காக, கோயில் மண்டபத்தில் பாலே நடன வகுப்பு தொடங்குவதாகப் பூசை முடிவில் ஃபாதர் அறிவித்தார். நடத்தியவர் எங்கள் பகுதிப் பெண் ஷெரில். வெளியூரில் பாலே கற்றுத் திரும்பியிருந்தார். பெயர் கொடுத்த மற்ற எல்லாரும் பெண்கள். அவர்கள் நடுவில் கருவேப்பிலைக் கொத்து மாதிரி ஒரே ஓர் ஆண், எங்கள் அப்பா. டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டுதான் சேர்ந்தார்.

டீக்கடையில் விட்டுவைப்பார்களா? துறைமுகத்தில் அப்பாவின் கிரேனுக்குக் கீழிருந்து சைகை காட்டும் வேலை பார்த்த துரைராஜ் மாமாதான் ஆரம்பித்தார்.

"இன்னா மாமு, பாவாட தெச்சாச்சா?"

"தெச்சாச்சு. உனுக்கும் அளவு குடு, துணி மிச்சம் கீது" என்றார் அப்பா.

கேலி செய்து வேடிக்கை பார்க்க வந்த துரைராஜ் மாமா, முட்டி வலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு அடுத்த வாரமே சேர்ந்தார். அவர் பின்னாலேயே பழைய துறைமுக ஆட்கள் இன்னும் சிலர் வந்தார்கள். அப்போதுதான் ஷெரிலுக்குச் சோதனை தொடங்கியது. பாட்டு ஓடும். எல்லாரும் நாற்காலியைப் பிடித்தபடி முட்டியை மடக்கி எழுவார்கள். ஷெரில் அழகாக இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரிப்பார். பெண்களும் கையை விரிப்பார்கள். துறைமுக ஆட்கள் மட்டும் பாதி மடக்கிய முட்டியோடு அப்படியே சிலையாக நின்றுவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் இதே கூத்து.

"அங்கிள், இன்னாத்துக்கு எல்லாரும் நிக்கிறீங்க?"

"நீதானம்மா நிறுத்தச் சொன்ன!" என்றார் துரைராஜ் மாமா, நின்ற இடத்திலிருந்தே.

அப்பாதான் விளக்கினார். "கிரேன் மேல ஒக்காந்தா காது கேக்காதும்மா. கீழ கீறவன் கையப் பாத்துதான் வேல. அவன் ரெண்டு கையும் விரிச்சிட்டான்னா, எவனோ லோடுக்கு அடியில மாட்டிக்கினான்னு அர்த்தம். அப்ப லீவர்ல நம்ம கை அசஞ்சா ஆள் காலி."

அன்று மண்டபமே சிரித்து ஓய்ந்தது என்று ஷெரில் பிறகு என்னிடம் சொன்னார். அவர் கெட்டிக்காரப் பெண். துறைமுக ஆட்களுக்காக ஒரு கையை விரித்து, சற்றுப் பொறுத்து மறு கையை விரிக்கும்படி பாடத்தை மாற்றிக்கொண்டார். யாராவது தள்ளாடுவது தெரிந்தால் மட்டும் இரண்டு கைகளையும் சேர்த்து விரிப்பார். எல்லாரும் அந்த நொடியே நின்றுவிடுவார்கள். அந்த வகுப்பில் ஒருவர்கூட விழுந்ததில்லை.

பாலேயின் பிரெஞ்சுப் பெயர்கள் எதுவும் அப்பாவின் வாயில் நுழையவில்லை. முட்டி மடக்குவதை "எறக்கு" என்றும், குதிகால் தூக்குவதை "ஏத்து" என்றும் வைத்துக்கொண்டார். கற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். காலையில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, எதிரில் நின்று செய்துகாட்டுவார். முதல் நாள் அப்பா ஒரு காலை நீட்டிக் கையை வளைத்ததைப் பார்த்து அம்மா சிரித்தாராம். நோய் வந்த பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று பக்கத்து வீட்டு மேரி அக்கா எனக்குப் போன் செய்து சொன்னார். நான் அலுவலகத்தில் இருந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

இடையில் தம்பிக்குப் பொறுமை போய், பெட்டி கட்டலாமா என்று கேட்டான். "ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்க மாட்டீங்களா?" என்று அப்பா போனை வைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து நாங்கள் இருவரும் குடும்பத்தோடு வீட்டுக்குப் போனோம். பிரியாணி தட்டுக்கு வரும் முன்பே அப்பா எங்களைக் கட்டிலருகே கூப்பிட்டு நிறுத்தினார். முதுகை நிமிர்த்தி, முட்டியை மடக்கி இறங்கி, அம்மாவை அணைத்தபடி எழுந்தார். கால் நடுங்கவில்லை. அம்மாவும் தன் இடது காலை ஊன்றி அவரோடு சேர்ந்து எழுந்ததுதான் எங்களைத் திகைக்கவைத்தது. இருவரும் மெல்ல அடியெடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு வந்தார்கள். அப்பா அம்மாவை உட்காரவைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி ஒரு பார்வை. என் அப்பாவை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டது அதற்கு முன் இல்லை.

"சரிப்பா, இங்கயே இருங்க" என்றான் தம்பி.

அதன் பிறகு அப்பாவின் கடைசி நாள் வரை அவர்கள் பிரியவில்லை. அன்றும் காலைப் பூசைக்குப் போய்வந்து, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவர்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

அப்பாவை மருத்துவமனைக்குத் தூக்கிச்சென்ற தெருப் பிள்ளைகளுக்கும், அன்று முழுவதும் அம்மாவை விட்டு நகராத மேரி அக்காவுக்கும், அடக்கப் பூசையை நிறைவேற்றிய ஃபாதருக்கும், கல்லறை வரை பெட்டியைத் தோளில் சுமந்த துறைமுக நண்பர்களுக்கும், வகுப்பு மாணவர்கள் எல்லாரையும் கூட்டிவந்து வாசலில் நின்று அழுத ஷெரிலுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எண்ணூரிலிருந்து வந்த சொந்தங்களுக்கும், இன்றும் மாலையில் வந்து அம்மாவிடம் துறைமுகக் கதை பேசிவிட்டுப் போகும் துரைராஜ் மாமாவுக்கும் எங்கள் வணக்கம்.

அடக்கத்தன்று வீட்டுக்குள் இடமில்லாமல் தெருவில் நின்றவர்களுக்கு உள்ளே நடந்தது தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். பெட்டியை மூடும் முன் ஒவ்வொருவராக அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டோம். அம்மாவின் முறை வந்ததும் அவரைத் தூக்க நானும் தம்பியும் இரண்டு பக்கமும் கை கொடுத்தோம்.

"வுடு" என்றார் அம்மா.

நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். குதிகாலைப் பின்னுக்கு இழுத்து ஊன்றினார். இடது கையால் பெட்டியின் ஓரத்தைப் பற்றி, முதுகை நிமிர்த்தி, யார் உதவியும் இல்லாமல் எழுந்து நின்றார். குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டார். பிறகு நிமிர்ந்து, குழறாமல் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நிறுத்தி நிறுத்தி, எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்:

"ஒரு தபா கூட... என்னக் கீழ வுடல."