விரலுக்கு விரல் தனிக்கட்டு

புண்ணோடு ஒட்டிக்கொண்ட கட்டை அவள் இழுப்பதே இல்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி நனைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். வாசலில் பெரிய டாக்டரே வந்து நிற்கட்டுமே, பதில் ஒன்றுதான்: "நனையட்டும் சார்." அதனால் அந்த வார்டுப் பிள்ளைகளுக்கு அவள் நர்சும் இல்லை, சிஸ்டரும் இல்லை, நனையட்டும் அக்கா.

அங்கே வருகிற பிள்ளைகளின் தோல் பிறவியிலேயே அப்படி. சட்டைத் தையல் உரசினால் போதும், கொப்புளம் கிளம்பிவிடும். அதனால் எல்லாருமே தையல் வெளியே தெரியச் சட்டையைத் திருப்பித்தான் போட்டிருப்பார்கள். புது ஆள் யாராவது வாய் திறந்தால், "இதுதான் எங்க வார்டு நாகரிகம், உங்களுக்குத் தெரியாதா?" என்பாள். பிள்ளையைத் தூக்கக் கக்கத்தில் கைகொடுக்க மாட்டாள். தூங்குகிற பூனையைத் தூக்குவதுபோல அடியில் உள்ளங்கையை நுழைத்துத்தான் தூக்குவாள். கொப்புளத்தில் ஊசி குத்தி நீரை இறக்குவாள். மேல்தோலை மட்டும் கிள்ளவே மாட்டாள். "கூரையைப் பிரிச்சுட்டா உள்ள எப்படிக் குடியிருக்கிறது?" ஒட்டுகிற டேப்பைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. வீட்டில் பரிசுப் பொட்டலத்தைக்கூட நூலால்தான் கட்டுகிறாளாம். புருஷன் கேலி செய்து செய்து அலுத்தே போய்விட்டார்.

அன்று அவள் முன்னால் இருந்தது ஏழு வயதுப் பெண்ணின் வலது கை. புண் ஆறி ஆறி விரல்களெல்லாம் ஒன்றாய் ஒட்டிப்போயிருந்த கை; அறுவை செய்து பிரித்திருந்தார்கள். இது இரண்டாவது முறை. முதல் முறை வீட்டுக்குப் போனதும், ஒவ்வொரு விரலாகச் சுற்றும்போது பிள்ளை அலறியதைப் பொறுக்காமல், அம்மா ஐந்தையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டாள். பாசத்தில் செய்த காரியம்தான். ஆனால் தோலுக்கு அது தெரியுமா? மறுபடி ஒட்டிக்கொண்டது. இந்த முறையும் ஒட்டினால், அடுத்து இவ்வளவு பிரிக்க வராது என்று டாக்டர் சொல்லியாயிற்று.

வலி மருந்து கொடுத்து ஊறவைத்ததில், கட்டு தானாக நழுவி விழுந்தது. சிவக்கச் சிவக்க, தனித்தனியாக விரல்கள்.

"அக்கா, அஞ்சும் இருக்கா?"

"நீயே பாரேன்."

"கட்டைவிரல் குண்டாயிருச்சு!"

"அது எப்பவும் குண்டுதான்டி. இத்தனை நாளா ஒளிஞ்சுக்கிட்டிருந்துச்சு."

அம்மா சிரிக்கவில்லை. மருந்துத் துணியை நனையட்டும் அக்கா பக்கம் தள்ளினாள். "நீயே கட்டிரும்மா. என் கையாலதான் ஒருதரம் கெட்டுச்சு."

"நாளைக்கு வீட்டுக்குப் போறீங்க. அங்க யாரு கட்டுவாங்கக்கா?"

"நீ வாயேன். சோறு போடறேன்."

"சாப்பிடக் கூப்பிட்டா வர்றேன். கட்டுக் கட்டக் கூப்பிட்டா வரமாட்டேன்."

அம்மாவைவிட வயதில் சின்னவள்தான், பிடிவாதத்தில் மலை. அம்மாவுக்கு வேறு வழியில்லை. களிம்பு தடவிய துணித் துண்டுகளை விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக வைத்தாள். இரண்டு இடுக்கு நல்லபடியாகப் போனது. மூன்றாவதும் போனது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே துணி பட்டதும், "அம்மா! வேணாம்மா! சேத்தே கட்டிரும்மா!" என்று பிள்ளை வீறிட்டது.

அம்மாவின் கை நின்றுவிட்டது. அந்த இரண்டு விரலையும் சேர்த்துப் பிடிக்கத் தானாகவே குவிந்தது. கண்ணில் நீர் முட்ட அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

நனையட்டும் அக்கா முக்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எழுந்த வேகத்துக்கு, அந்தத் துணியை வாங்கித் தானே வைத்து முடித்துவிடுவாள் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். அவளோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள்.

"ஊதிக்கிட்டே வைங்கக்கா."

அம்மா ஊதினாள். ஊதிக்கொண்டே துணியை இடுக்கில் இறக்கினாள். பிறகு சுண்டு விரலைத் தனியாக, சுற்றுக்குச் சுற்று, கட்டத் தொடங்கினாள். கடைசி முடிச்சு விழும்வரை பின்னால் கோத்த கைகளை நனையட்டும் அக்கா பிரிக்கவே இல்லை.