கீலி சத்தமாகப் படிக்கிறாள்

"'அன்புள்ள திரு. டிரெவர் பிளாக்ஷா அவர்களுக்கு.' அப்பா, உங்களத்தான் சொல்றாங்க, நிமிந்து உக்காருங்க. 'தங்கள் வீதியின் பச்சைக் குப்பைத்தொட்டி இனிமேல் செவ்வாய்க்கிழமைகளில் எடுக்கப்பட மாட்டாது என்பதை...' கட்டைவிரல எடுங்கப்பா, தேதி மறையுது."

கீலியின் வலது கை சட்டியில் பீன்ஸைக் கிண்டிக்கொண்டிருக்கிறது. இடது கையில் கைபேசி. அதன் திரையில் அவள் அப்பா, கிரிம்ஸ்பியில் எங்கேயோ வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, கவுன்சில் கடிதத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்திருக்கிறார். கவுன்சில் கடிதத்துக்கு கீலி போடுவது மூக்கால் பேசும் பிரபுவின் குரல். ஆஸ்பத்திரிக் கடிதம் என்றால் நடுநடுவே இருமுவாள். அந்தப் பக்கம் அப்பா சிரிப்பார், வேனுக்குள் நாய் குரைக்கும். வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு எங்கள் பல்கலைக்கழக விடுதிச் சமையலறையில் தவறாமல் நடக்கிற கூத்து இது.

அந்தச் சமையலறைக் கதவு, விட்டால் தானே மூடிக்கொள்ளும் கதவு. தீ பரவாமல் இருக்க எப்போதும் மூடியே இருக்கட்டும் என்று அதில் அறிவிப்பு வேறு. முதலாம் ஆண்டில் எங்கள் எல்லாரையும் வாங்க வைத்தார்களே, ஆயிரத்து எண்ணூறு பக்கத் தொகைநூல், அதைத்தான் கீலி அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். "ரெண்டு வருஷப் படிப்புல உருப்படியா ஒரு வேலை செஞ்சது இந்தப் புத்தகம்தான்டி" என்பாள். கதவு மூடியிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. நடையில் போகிற ஆளையெல்லாம் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியாக வேண்டும்.

ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும் படிக்க வந்தவளுக்கு மனத்துக்குள் படிக்க வராது! நூலகத்தின் அமைதித் தளத்திலிருந்து இரண்டு முறை வெளியே அனுப்பினார்கள். அதனால் விடுதியின் சலவை அறைதான் அவளுக்கு நூலகம். இயந்திரங்கள் கடகடவென்று ஓடும்போது அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு உரக்கப் படிப்பாள். நாவலின் நீளத்தைக் கேட்டால் சலவைக் கணக்கில்தான் பதில் வரும். "இது ஒம்போது துவைப்புடி. அதுலயும் கடைசி ரெண்டு சும்மா இழுவை."

அவள் ஏன் அப்படி என்று இரண்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒருநாள், டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். அவள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் காகிதம் எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறவள் அவள்தான். மனிதர் கார்ப்பெட் போடுகிறவர். அளவில் ஒரு நூல் பிசகாது, ஒருமுறை போன வீட்டை மறக்க மாட்டார். உணவகத்துக்குப் போனால் மட்டும் பட்டியலைச் சிரத்தையாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறாரோ, "எனக்கும் அதேதான்" என்பாராம்.

"முப்பது வருஷமா மத்தவங்களுக்குப் பிடிச்சதத் தின்னுட்டு இருக்காருடி. காளானப் பாத்தாலே அவருக்குக் குமட்டும். எவ்வளவு காளான் தின்னுருக்காருன்னு கணக்கே இல்ல." கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "யார்கிட்டயும் சொல்லிராத, பிப்பா. எங்க தெருவுக்கே தெரியாது. தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன். உண்மைதான். நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன்.

(கீலி என்பது அவள் பெயர் அல்ல, ஊரும் அதுவல்ல. இந்தத் தடவை கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எல்லாத்தையும் மாத்திரு, நாயோட பேரு உள்பட" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.)

எனக்கு என்ன குறை? வீட்டில் கூரைவரை புத்தகம், அம்மா அப்பா இரண்டு பேரும் வழக்கறிஞர்கள், இருபது வயதுவரை எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை. எழுத்து வகுப்பில் நான் கொடுத்ததெல்லாம் மழையும் ஜன்னலும்தான். கீலி அப்பாவின் கதையோ ஒரே மூச்சில் வந்துவிட்டது. கார்ப்பெட் போடுகிறவரைக் கூரை ஓடு வேய்பவர் ஆக்கினேன். அதோடு என் மனசாட்சி திருப்தியாகிவிட்டது, வெட்கங்கெட்ட மனசாட்சி! நாயின் பெயரைக்கூட மாற்றவில்லை. கீலி ஊருக்குப் போகிற நாளாகப் பார்த்துத்தான் வகுப்பில் என் முறையைக் கேட்டு வாங்கினேன். ஆமாம், தெரிந்தேதான். அன்று பார்த்து அவளுடைய ரயில் ரத்து.

எங்கள் எழுத்து வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. பிரதிகளை அங்கேயே கொடுப்போம், வேறொருவர் உரக்கப் படிப்பார், பிறகு எழுதியவர் அந்த அறையிலேயே இல்லாத மாதிரி மற்றவர்கள் பேசுவார்கள். கடைசியில் எழுதியவர் "நன்றி" என்று சொல்லலாம். உரக்கப் படிப்பது எப்போதும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"கீலி, நீயே படிச்சிரும்மா" என்றார் ஆசிரியர் ஜோசலின்.

முதல் பக்கத்தைக் குஷியாகக் குரல் மாற்றித்தான் படித்தாள். "எனக்கும் அதேதான்" என்ற இடம் வந்ததும் நின்றாள். தண்ணீர் குடித்தாள். அதன்பிறகு எந்தக் குரலும் போடவில்லை, தன் சொந்தக் குரலில் கடைசி வரிவரை படித்தாள். நாயின் பெயர் வருமிடத்தில் மட்டும் பெயரை விழுங்கிவிட்டு "நாய்" என்று படித்தாள். என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

"அப்பாவ நம்பவே முடியல" என்று ஆரம்பித்தான் ஜாஸ்பர். "இந்தக் காலத்துல படிக்கத் தெரியாத ஆளா? அழ வைக்கறதுக்குன்னே பண்ணின ஜோடனை."

"எனக்குக் காளான் பிடிச்சிருந்துது. என்ன கற்பனை!" என்றாள் இன்னொருத்தி.

ஜோசலின் கீலியைப் பார்த்தார். "நீ என்ன நினைக்கிற?"

"அந்த அப்பா நல்ல மனுஷனாத் தெரியுறாரு" என்றாள் கீலி, காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "எழுதுறதுக்கு முன்னாடி அவர ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கதையில வர்ற ஆளப் போய் எப்படிக் கேக்கிறதாம்?" என்றான் ஜாஸ்பர். அறை முழுக்கச் சிரித்தது. கீலியும் சிரித்தாள். என் முறை வந்தபோது நான் சட்டப்படி "நன்றி" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

நடையில் அவள் பின்னாலேயே ஓடினேன். "கீலி, மன்னிச்சிருடி. உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"எப்பிடித் தெரியும்?" என்றாள். "நான் படிச்சுக் காட்டினாத்தானே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கமான குரலில் பேசினாள். "நல்லாத்தான் எழுதிருக்க. மூணாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு. உன் ஆளு முட்டி வலியில மாடிப்படிய உக்காந்து உக்காந்து இறங்குறாரு பாரு, அந்த முட்டி ஓடு வேயறவருக்கு வராது. கார்ப்பெட் போடுறவங்களுக்குத்தான் அப்பிடித் தேயும்."

அடுத்த வியாழக்கிழமை வந்தது. சமையலறைக்கு நேர் எதிர் அறை என்னுடையது. என் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏதோ எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்கிற நப்பாசையில். பீன்ஸ் வாசனை வந்தது. ஒரு மணிக்குக் கைபேசி அடித்தது.

"என்ன கண்ணு, ஆஸ்பத்திரிலேருந்து ஒண்ணு வந்திருக்கு" என்றது டிரெவரின் குரல். "இருமலுக்கு ரெடியா?"

"ஒரு நிமிஷம்ப்பா."

கீலி வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். கைபேசியைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு குனிந்து, அந்தத் தடிப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி எடுத்துக்கொண்டாள். கதவு மெல்லத் தானே மூடிக்கொண்டது.