மார்லீன் அன்ரியின் மஞ்சள் முடிச்சு

இன்று துணிக்கடையில் யாரோ மஞ்சள் துணியைக் கிழித்த சத்தத்தில், எப்போதோ இடித்துத் தள்ளிவிட்ட நாங்கள் அகதியாய் வந்து முதலில் குடியிருந்த வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மெண்டின் பல்கனி திரும்பி வந்தது. தொண்ணூறுகளில் பக்கத்து வீட்டு மார்லீன் அன்ரி கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் துணிகளின் நுனியில் புகையிலை முடிந்து, எங்களுடையதை ஒட்டிய தன் பல்கனிக் கம்பியில் கட்டுவார்; அவை படபடக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு திசையைக் காட்டி, இவை அந்த மண்ணின் பூர்வகுடிகளான தன் லகோட்டாச் சனத்தின் நிறங்கள் என்று என்னிடம் நிமிர்ந்து நின்று சொல்வார். அம்மாவின் கண்ணில் பட்டதோ கறுப்பும் முடிச்சும்தான். "உது செய்வினை" என்று, ஒரு காலை அன்ரி வேலைக்குப் போனதும் எட்டி எல்லாவற்றையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மஞ்சள் தண்ணீரில் கை கழுவினார்.

பின்னேரம் அன்ரி கதவைத் தட்டி, துணிகளைக் கண்டீர்களா என்று கேட்டார். மஞ்சளை எங்கள் அப்பாவின் அகதிக் கேஸ் வெல்ல வேண்டுமென்று கட்டினாராம். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அவளை ஆர் கேட்டது?"

அம்மா கதவைச் சாத்தினார். உள்ளே சாமித்தட்டில், அதே கேசுக்காக அவர் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்த நேர்த்தியின் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.